ஒரு சுவருக்கு இரண்டு தாள்

அன்று காலை காப்பி மேசையில் இருந்தவர்கள் பெரியவர் அகுஸ்தேன், அவருடைய மூத்த மகள் மார்கரித், மகன் எட்மோன், எட்மோனின் மனைவி மாதலேன். மேஸ்திரி நாகப்பன் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சைகோனில் கப்பலை விட்டு இறங்கிய நாள் முதல் அகுஸ்தேன் வீட்டு வேலையைத் தவிர வேறு வேலை பார்க்காதவர் அவர். உள்ளே வரச் சொன்னால் காலில் சேறு என்பார். ஒரு பெயர் விட்டுப்போனாலும் முகம் சுண்டிப்போகிற குடும்பம் இது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த எட்மோன், சோற்றுக்கு நடுவே, "எல்லாரும் மார்சேய்க்குக் கப்பல் ஏறிடலாம்" என்று சொன்னதும், பெரியவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் உப்புக்கிண்ணத்தைக் கேட்பதற்குக்கூட யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷத்து மழைக்காலம் அது. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்களுடைய சொந்த ஊரான புதுச்சேரி போன வருஷமே இந்தியாவுக்குக் கைமாறிவிட்டது. சைகோன் தெருக்களின் பெயர்ப்பலகைகளையும் மாற்றிவிட்டார்கள். பெரியவர் மட்டும் கடித உறைகளில் பழைய தெருப்பெயரையே எழுதிக்கொண்டிருந்தார். தபால்காரனும் ஒன்றும் சொல்லாமல் கொண்டுபோனான்.

மார்கரித்துக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. கணவர் படையில் சேர்ந்து வடக்கே தொங்கினுக்குப் போனவர், அங்கேயே முடிந்தார். பிரான்சுக்குப் போனால், மார்சேயில் தனக்கு என்ன காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தம்பி வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து அறை. இங்கே அவளுக்கு ஜன்னலோரம் ஒரு வரைபலகை இருந்தது. காலையில் அதன் முன்னால் உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது.

அகுஸ்தேனின் கட்டடக் கம்பெனிக்குக் கையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வேலை. காரைக்கால் ஜெய்னுலாபுதீன் மரைக்காயருக்கு கான் ஹொயில் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சரக்குக் கிடங்கு. அந்த வேலை நின்றுபோனால் கம்பெனியும் நின்றுபோகும். கம்பெனி நின்றுபோனால் மார்சேய்க் கப்பல்தான்.

அந்தக் கிடங்கை ஏற்கனவே இரண்டு தடவை இடித்துக் கட்டியாகிவிட்டது. முதலில் படகுத் துறைக்கென்று பின்புறம் வாசல் வைத்தார்கள். ஏப்ரலில் நகரத்துக்குள் படைகள் மோதிக்கொண்ட சண்டைக்குப் பிறகு மரைக்காயர், படகு வேண்டாம், இனிமேல் லாரிதான் என்றார். வாசல் முன்புறம் வந்தது. பிறகு அதன் அகலம் போதவில்லை. இரண்டாம் தடவை இடித்த அன்று மரைக்காயர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடப்பாறச் சத்தம் இன்னொரு தடவ என் காதுல விழுந்துச்சுன்னா, மிசியே, வேலைய சோலோன் சீனக் கம்பெனிக்குக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

இப்போது நாகப்பன் முகம் நிறையச் சிரிப்போடு வந்திருந்தார்.

"குறுக்குச் சுவரு தோள்மட்டம் வந்துடுச்சிங்க ஐயா. இந்த வாரத்துக்குள்ள பரணுக்கு உத்தரம் ஏத்திடலாம்."

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த மார்கரித்தின் கை நின்றது.

"வாசல்லேருந்து எவ்ளோ தள்ளி எழுப்பியிருக்கீங்க, மேஸ்திரி?"

"பிளான்ல உள்ளபடிதாங்கம்மா. நாலு மீட்டர்."

"ஆறரைன்னு வரைஞ்சு குடுத்தேனே?"

நாகப்பனின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "அது புதுத் தாள்லங்க."

"அத வச்சித்தான கட்டணும்?"

"அதையும் மாட்டியிருக்கேங்கம்மா. ஐயா தாளுக்குப் பக்கத்துலயே மாட்டியிருக்கேன். ரெண்டும் பத்திரமா இருக்கு."

"பழச எறக்கச் சொன்னேனே!"

"ஐயா கையெழுத்துப் போட்ட தாளுங்க அது. அத எறக்குறதுக்கு எனக்கு ஏதுங்க கை?" அவர் பெரியவரைப் பார்த்தார். "புதுசுல ஐயா கையெழுத்தும் இல்ல."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அகுஸ்தேன் பொதுப்பணி அலுவலகத்தில் தலைமை வரைவாளராக இருந்தவர். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் மார்க்கெட்டில் வாழைப்பழ பஜ்ஜி வாங்கினார். சுற்றிக் கொடுத்த காகிதத்தைப் பிரித்தால், எண்ணெய்க்கறைக்கு நடுவே அவருடைய சொந்தக் கையெழுத்து. ஏதோ ஒரு பாலத்துக்கு அவர் வரைந்த படம். அன்றைக்கே உத்தரவு போட்டார். தன் கையெழுத்துள்ள தாளை ஒருவனும் கிழிக்கக் கூடாது, இறக்கக் கூடாது, மடிக்கக் கூடாது. நாகப்பன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். தான் வரையாத தாளில் கையெழுத்துப் போடுவதில்லை என்பது பெரியவரின் இன்னொரு விதி. மார்கரித் வரைந்த புதுத் தாள் அவர் மேசைக்கு வந்தது. அவர் அதைப் பார்த்தார், தலையசைத்தார், அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கையெழுத்து உள்ள தாள் ஒன்று, இல்லாத தாள் ஒன்று. மேஸ்திரி எதை நம்புவார்?

எட்மோன் கோப்பையை வைத்தான். "மரைக்காயர் இன்னிக்கு மதியத்துக்கு மேல லாரியோட வர்றாரு. லாரிய உள்ள விட்டுப் பாக்கணுமாம். பேசாம மேஸ்திரி தப்புன்னு சொல்லிடலாம் பப்பா. ஆள மாத்திட்டோம்னா அடங்கிடுவாரு."

"மெதுவா பேசுங்க," என்றாள் மாதலேன். "அவரு அங்கதான் நிக்கிறாரு."

"நிக்கட்டுமே. அவரு கட்டுனதுதான?"

பெரியவர் முதன்முறையாக வாயைத் திறந்தார். "இந்த வீட்டுல வேலைக்காரன் முதுகுல ஏறி யாரும் தப்பிச்சதில்ல. நீ ஆரம்பிக்காத."

எட்மோன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மரைக்காயர் வரட்டும். நாலு மீட்டர் போதும்னு நான் சொல்றேன்."

"லாரி நாலு மீட்டர்ல அடங்காது பப்பா," என்றாள் மார்கரித்.

"சரக்கு எறக்க லாரி எதுக்கு உள்ள வரணும்? வாசல்ல நிக்கட்டும்."

"மழையில அரிசி நனையும்."

"அத அவரு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"நாம முன்னாடியே கேட்டிருக்கணும்."

அந்த வீட்டில் பெரியவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. மார்கரித்தும் பேசியவளில்லை. அது துணிச்சலில் வந்த பேச்சல்ல. ஒரே கிடங்கை மூன்றாம் தடவை இடிக்கப்போவதைப் பார்க்கிறவளுடைய களைப்பு.

பெரியவர் எழுந்தார். "குடைய எடு. நாமளே போய்ப் பாப்போம்."

*

சிக்லோ என்னும் மிதி ரிக்‌ஷா கான் ஹொய் பாலத்தில் ஏறும்போது தூறல் பிடித்துக்கொண்டது. பெரியவர் கோட்டும் டையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பாலத்துக்குக் கீழே ஆறு சேற்று நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கப்பலில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவருடைய பியானோ தார்ப்பாய் போர்த்தியபடி கயிற்றில் தொங்கியது. மார்கரித் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"உன் தாள்ல நான் ஏன் கையெழுத்துப் போடலன்னு தெரியுமா?" என்றார் பெரியவர்.

"நீங்க வரையலன்னு."

"நான் வரையாததுல என் பேரப் போட்டா அது பொய்."

"அப்ப என் பேரப் போடச் சொல்லியிருக்கலாம்."

"உன் பேருக்கு எவன் கல்லு வப்பான்?"

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை விடாது என்று சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் அது அவளுக்கு இன்னும் கனமாக இருந்தது.

*

வேலையிடத்தில் ஒரு ஓலைக்குடிசை. உள்ளே பலகைச் சுவரில் தாள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. மார்கரித் வரைந்தது நான்கு ஆணியில் இருந்தது, ஈரத்தில் ஓரம் சுருண்டிருந்தது. பெரியவருடையதற்கு நாகப்பன் மூங்கில் சட்டம் போட்டிருந்தார். கையெழுத்துக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"இந்தச் சுவருக்குக் கால்கோள் அன்னிக்கு மாரியம்மன் கோவில்லேருந்து கொண்டாந்து வச்சதுங்க," என்றார் நாகப்பன்.

பெரியவர் கைக்குட்டையை எடுத்தார். துடைக்கப்போகிறார் என்று மார்கரித் நினைத்தாள். அவர் துடைக்கவில்லை. தன் மூக்குக்கண்ணாடியை மட்டும் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கிடங்குக்குள் போய், தோள் உயரம் வளர்ந்திருந்த குறுக்குச் சுவரைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். சுவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து எழுப்பிய நேர்த்தியான சுவர். இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

மார்கரித் வெளியே வந்தாள். கிடங்கை ஒட்டி ஒரு காலி மனை. பக்கத்து வியாபாரி நூக்மாம் என்னும் மீன்சாறு அடைத்து விற்ற வெற்றுப் பீப்பாய்கள் அங்கே குவிந்து கிடந்தன. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"மேஸ்திரி, சுண்ணாம்புத் தூள் இருக்கா?"

"ஒரு மூட்டை இருக்குங்கம்மா."

"கிடங்கோட தரைய இந்த மனையில அப்படியே கோடு போடுங்க. வாசலுக்கு ரெண்டு பீப்பா, பக்கச் சுவருக்கு ரெண்டு வரிசை. குறுக்குச் சுவருக்கு ஒரு வரிசை. என் தாள்ல உள்ளபடி."

"எதுக்குங்கம்மா?"

"லாரி வருதில்ல. முதல்ல இதுக்குள்ள வந்து காட்டட்டும்."

குடையோடு வந்து நின்ற பெரியவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

"என்ன இது, கூத்துக்கு மேடையா?"

"அளவு பாக்கறேன் பப்பா."

"அளவ மேசையில பாக்கணும். வரைஞ்சவளுக்குச் சந்தேகம் வரலாம். அத வேலை குடுத்தவனுக்குக் காட்டக் கூடாது. நான் ஒரு நாளும் காட்டுனதில்ல."

"அதனாலதான் ரெண்டு தடவ இடிச்சோம்."

மேஸ்திரி சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கப் போவதுபோல அந்தப் பக்கம் நழுவினார். பெரியவர் குடிசைக்குத் திரும்பி, அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

*

மரைக்காயர் லாரிக்கு முன்னால் சின்னக் காரில் வந்து இறங்கினார். பருத்த மனிதர், வெள்ளைத் தொப்பி. இறங்கியதும் முகத்தைச் சுளித்தார்.

"என்னாம்மா இது, நாத்தம் கொடலப் புடுங்குது. அரிசிக் கிட்டங்கி கேட்டா மீனுக் கிட்டங்கி கட்டுறீங்களா?"

"வாங்க மரைக்காயர். கிடங்குக்குள்ள அப்புறம் போவோம். முதல்ல லாரிய இந்தப் பீப்பாய்களுக்கு நடுவுல பின்னால எடுக்கச் சொல்லுங்க."

"பீப்பாய்க்கு நடுவுலயா? நான் சுவரப் பாக்க வந்தேன் தாயி."

"சுவரத்தான் காட்டறேன். எடுக்கச் சொல்லுங்க."

அவர் குடிசைப் பக்கம் பார்த்தார். பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மரைக்காயர் தோளைக் குலுக்கிவிட்டு ஓட்டுநரிடம் கையைக் காட்டினார். வியட்நாமிய இளைஞன் வாயில் சிகரெட்டோடு லாரியைப் பின்னால் எடுத்தான். வாசல் பீப்பாய்களுக்கு நடுவே சுத்தமாக நுழைந்தது. குறுக்குச் சுவருக்கான வரிசைக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. லாரியின் மூக்கும் வாசலுக்கு உள்ளே அடங்கியது.

மார்கரித்துக்கு மூச்சு வந்தது. ஆறரை மீட்டர் சரிதான்.

கூலியாள் ஒருவன் லாரிக்குப் பின்னால் போய்க் கொண்டியை எடுத்தான். பின்பலகை தடாலென்று கீழே இறங்கி, குறுக்குச் சுவருக்கு நின்ற பீப்பாயை அடித்துச் சாய்த்தது. அது உருண்டு போய் இன்னொன்றையும் சாய்த்தது. அடியில் தங்கியிருந்த மீன்சாறு மரைக்காயரின் செருப்பில் தெறித்தது.

லாரிக்கார இளைஞன் சிரித்தான்.

"சுவராயிருந்தா?" என்றார் மரைக்காயர்.

மார்கரித் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் லாரியை அளந்திருந்தாள். பலகையை மூடி வைத்து அளந்திருந்தாள். பலகை திறந்தால் மூட்டை தூக்குகிறவன் எங்கே நிற்பான் என்று யோசிக்கவே இல்லை. தன் தாளும் தப்பு. அப்பாவுடையது ஒரு விதம், இது இன்னொரு விதம்.

"அப்பா தாளும் ஒத்துவரல, மவ தாளும் ஒத்துவரல," என்றார் மரைக்காயர். குரலில் கோபத்தைவிட அலுப்பே தெரிந்தது. "என் அரிசி தார்ப்பாய்க்குக் கீழ மொளைக்குதும்மா. நான் சோலோனுக்கே போறேன்."

"போங்க," என்றாள் மார்கரித். "ஆனா ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லிட்டுப் போங்க. சாஞ்சது பீப்பாதான? நிமித்தி வைக்க எவ்ளோ நேரம்?"

மரைக்காயர் சாய்ந்த பீப்பாயைப் பார்த்தார். போகவில்லை.

"பலகை எறங்கி, ரெண்டு ஆள் மூட்டையோட திரும்புறதுக்கு இடம் வேணும். குறுக்குச் சுவர இன்னும் உள்ள தள்ளலாம். தள்ளினா சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கணக்கப்பிள்ளை அறை குறுகிடும். அவருக்கு எவ்ளோ இடம் வேணும்?"

"எந்தக் கணக்கப்பிள்ளை?"

"உங்க கணக்கப்பிள்ளை."

"அவரு கடைத்தெருவுல கடையிலல்ல ஒக்காந்திருக்காரு! இங்க வந்து கொசுக்கடில என்னா பண்ணப்போறாரு?"

மார்கரித் மெதுவாகக் கேட்டாள். "அப்ப அந்த அறை எதுக்கு?"

"என்னையக் கேட்டா? உங்க படத்துல இருந்துச்சு. பெரிய மனுசரு போட்டிருக்காரு, ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே!"

"யாரு கேட்டா? உங்க வீட்டுலேருந்து படம் வருமே தவிர கேள்வி வந்ததே இல்லியேம்மா."

ஆக, அந்தச் சுவர் நாலு மீட்டரிலும் வேண்டாம், ஆறரையிலும் வேண்டாம். யாரும் கேட்காத ஓர் அறைக்காக அது நின்றுகொண்டிருந்தது. அகுஸ்தேன் வரைந்த கிடங்குகள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு அறை உண்டு. இதிலும் கை தானாகப் போட்டுவிட்டது. மார்கரித் அந்த அறையை ஒரு தடவைகூடக் கேள்வி கேட்காமல், அப்படியே பார்த்து எழுதியிருந்தாள்.

மழை வலுத்தது. சுண்ணாம்புக் கோடுகள் கரைந்து ஓடின. அவள் பீப்பாய்களை நகர்த்தச் சொன்னாள். லாரி வெளியே போய், மறுபடி வந்தது, மறுபடி பலகை இறங்கியது. இந்தத் தடவை கூலியாள் மூட்டையோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். மரைக்காயர் கார் கதவைத் திறந்து வைத்தபடியே, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று கத்தத் தொடங்கினார். நனைந்ததை மறந்துவிட்டார்.

"அங்க வேணாம்."

எல்லாரும் திரும்பினார்கள். பெரியவர் குடையோடு சேற்றில் இறங்கியிருந்தார். பளபளத்த பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தது.

"சுவர எடுத்துட்டா மேல பரணை எது தாங்கும்? இவ்ளோ நீளத்துக்கு உத்தரம் தொங்கிப்போகும். ரெண்டு தூண் வேணும்." கைத்தடியின் நுனியால் ஒரு பீப்பாயைத் தட்டினார். "இது இங்க. அது அந்த மூலைக்கு. லாரி தொடாது. தொடுதான்னு விட்டுப் பாரு."

லாரி வந்தது. தொடவில்லை.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இன்னொரு தடவை விடச் சொன்னார்.

*

"சரி," என்றார் மரைக்காயர் கைகளை உதறிக்கொண்டு. "இப்ப உள்ள நிக்கிற சுவர என்ன பண்ணப்போறீங்க?"

இதற்குத்தான் எல்லாரும் பயந்துகொண்டிருந்தார்கள். பயன்படாத சுவரை விட்டுவிட்டு ஏதாவது சாக்குச் சொல்லலாம். மரைக்காயர் ஊருக்குப் போன நாளாகப் பார்த்து இடிக்கலாம். எட்மோனாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பான். மார்கரித்துமே ஒரு கணம் அப்படி நினைத்தாள்.

"நாகப்பா," என்றார் பெரியவர். "கடப்பாறைய எடு."

"ஐயா..."

"எடு. இவரு எதிர்லயே இடி."

"நானே எழுப்புன சுவருங்க. ஒரு கல்லு பிசகல."

"பிசகலன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னபடிதான் நீ கட்டுன. நான் சொன்னதுதான் தப்பு. இடி."

முதல் அடி விழுந்தது. மரைக்காயரின் கண் துடித்தது. இரண்டாவது, மூன்றாவது. அவர் காரை நோக்கி இரண்டு அடி வைத்தார்; பிறகு நின்றார்.

"மிசியே, நான் சொன்னது ஞாபகம் இருக்கா? இந்தச் சத்தத்தப் பத்தி?"

"இருக்கு."

"இருந்துமா?"

"பரணுக்கு உத்தரம் ஏத்துனதுக்கு அப்புறம் இந்தச் சத்தம் கேட்டிருந்தா நீங்க போறது நியாயம். இப்ப போனா அது உங்க இஷ்டம்." பெரியவர் குடையை மடக்கினார். "கல்லுல இதுதான் கடைசி. மாத்தணும்னா இனிமே பீப்பாயில மாத்துங்க. எத்தன தடவ வேணும்னாலும் மாத்துங்க."

மரைக்காயர் கொஞ்சநேரம் கடப்பாறைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மார்கரித் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலைல இந்தக் குடிசைல ஒரு தாளு இருக்கணும் தாயி. ஒண்ணே ஒண்ணு. அதுல யாரு கையெழுத்துங்குறது உங்க வீட்டுப் பாடு. ஆனா கையெழுத்து இருக்கணும். இல்லன்னா ஒரு கல்லு ஏறக் கூடாது. நானும் சோலோனுக்குப் போயிடுவேன்."

அவர் போன பிறகு பெரியவர் குடிசைக்குள் நுழைந்தார். தானே மூங்கில் சட்டத்தைக் கழற்றி, குங்குமம் வைத்த தாளை எடுத்து, நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். நாகப்பன் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

*

விளக்கேற்றும் நேரத்துக்கு முன்னால் மார்கரித் வரைந்து முடித்துவிட்டாள். முதுகு விண்ணென்று வலித்தது. கூந்தலில் இன்னும் மீன்சாற்று வாடை. மாதலேன் சூடாகக் காப்பி கொண்டுவந்து பலகையோரம் வைத்தாள்.

"குடிங்க அண்ணி. ஆறிடும்."

மார்கரித் தாளைப் பெரியவர் முன்னால் விரித்தாள். அவர் ஒவ்வொரு கோடாகப் படித்தார். தூணின் கனம் போதாது என்று ஓரிடத்தில் விரலை வைத்தார். அவள் திருத்தினாள். மறுபடி படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவள் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

அவர் வாங்கினார். தாளின் வலது கீழ் மூலைக்கு மேலே பேனா நின்றது.

பிறகு அவர் பேனாவை மூடி, தாளின் மேலேயே வைத்தார்.

"இத நான் வரையல," என்றார். எழுந்து, செபமாலையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

எட்மோன் ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பிரெஞ்சு கொன்சுலா ஆபீசுல வெள்ளிக்கிழமையோட கப்பலுக்குப் பேர் பதிஞ்சி முடிச்சிடுவாங்க அக்கா," என்றான். அவன் குரலில் வம்பு இல்லை. அவனும் களைத்துப் போயிருந்தான்.

"நீங்களே போடுங்க அண்ணி," என்றாள் மாதலேன் தாழ்ந்த குரலில். "யாரும் போடக் கூடாதுன்னு மாமா சொல்லலியே."

"நாகப்பன் கல்லு வைக்கணுமே," என்றாள் மார்கரித்.

பேனா தாளின் மேல் கிடந்தது. திறந்திருந்த கதவுக்கு அப்பால் பெரியவர் செபம் சொல்லும் முணுமுணுப்பு கேட்டது. செபமாலையின் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே அது நின்றது. தாளில் பேனா ஓடும் சத்தத்துக்குக் காது கொடுப்பதுபோல நின்றது.

அன்று மாலையே கான் ஹொய் காப்பிக் கடைகளில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. இரவுத் தொழுகைக்கு முன்னால் அது பாலம் தாண்டி டோங் டு பள்ளிவாசல் தெருவரை வந்து சேர்ந்தது. அகுஸ்தேன் வீட்டார் எழுப்பிய சுவர் ஒரு மழைக்குத் தாங்காமல் சரிந்துவிட்டதாம்.

அது தவறு. சுவர் சரியவில்லை. நாகப்பனும் இரண்டு ஆட்களும் பொழுது சாயும்வரை கடப்பாறை போட்டும் அடிவரிசை பெயரவில்லை. அதை இடிக்கச் சொன்னவர் அகுஸ்தேன்.